எழுதினது எழுதினபடியே

ஜனவரி 8, 2012

அன்புள்ள லோர்னா அக்கா,

நான் நன்றாக இருக்கிறேன். கடைவாய்ப் பல்லைப் பிடுங்கியாகிவிட்டது, வீக்கமும் வடிந்துவிட்டது. உன் முழங்கால் எப்படி? இந்தப் பனியில் பள்ளிப் பேருந்தின் பிரேக்கை மிதித்து மிதித்து அது இன்னும் மோசமாகியிருக்குமே என்று கவலையாக இருக்கிறது.

ஒரு செய்தி. வருகிற அக்டோபரிலிருந்து இந்தச் சிறையில் கம்ப்யூட்டர் புரோகிராம் எழுதக் கற்றுத் தரப் போகிறார்கள். திருமதி ஹார்க்னெஸ் என்று ஓர் ஆசிரியை வெளியிலிருந்து வருவாராம். இடம் பன்னிரண்டு. பெயர் கொடுத்தவர்கள் நாற்பத்து மூன்று பேர். அதனால் செப்டம்பரில் ஒரு பரீட்சை, தாளில், பென்சிலால். எந்த மொழியில் வேண்டுமானாலும் எழுதலாம். அடுத்த வசந்தத்தில் என்னை வெளியே விடுவதா வேண்டாமா என்று குழு உட்காரப் போகிறது என்பது உனக்குத் தெரியும். பதினோரு வருஷம் என்ன செய்தாய் என்று கேட்பார்கள். துணி துவைத்தேன் என்பதைத் தவிர என்னிடம் பதில் இல்லை. இந்த வகுப்பில் இடம் கிடைத்தால் ஒரு பதில் இருக்கும்.

இங்கே நூலகத்தில் இதற்கென்று இரண்டே விதமான புத்தகம். ஒன்று பைதான் என்ற மொழி பற்றியது. பளபளவென்று, பக்கத்துக்குப் பக்கம் படத்தோடு இருக்கிறது. எல்லாரும் அதற்குத்தான் வரிசை கட்டி நிற்கிறார்கள். இன்னொன்று சி. பெயரே ஒற்றை எழுத்துதான். அட்டை கிடையாது, நடுவில் சில தாள்களை யாரோ கிழித்துச் சிகரெட் சுருட்டியிருக்கிறார்கள். பக்கத்து அறை எம்மிட், "அது முரட்டு பாஷைடா, வெளியில கத்துக்கறவனே அழுவான்" என்கிறான். நான் அதைத்தான் எடுத்து வந்திருக்கிறேன்.

வகுப்பு தொடங்கும்வரை எங்களுக்குக் கம்ப்யூட்டரைத் தொட அனுமதி இல்லை. ஆகவே உன்னிடம் ஓர் உதவி. நான் எழுதி அனுப்புவதை உங்கள் ஊர் நூலகத்து இயந்திரத்தில் தட்டி, அது என்ன சொல்கிறதோ அதைத் தாளில் அச்சடித்து அனுப்பு. எழுதினதை எழுதினபடியே தட்ட வேண்டும். பின்னால் இருக்கும் தாளில் என் முதல் புரோகிராம், ஐந்தே வரி.

உன் தம்பி,
வெண்டல்

ஜனவரி 29, 2012

அன்புத் தம்பி வெண்டலுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பல் போனது நல்லதுதான், அந்தப் பல் பன்னிரண்டு வயதிலிருந்தே உன்னைப் படுத்தியது. என் முழங்காலைப் பற்றிக் கேட்டாய். பனிக்கு முன்னால் அதுவே எனக்குச் சொல்லிவிடுகிறது, வானொலிச் செய்தி கேட்கும் வேலை மிச்சம்.

உன் மொழித் தேர்வைப் பற்றி ஒரு வார்த்தை. நீ ஏப்ரல் மாசத்தில் சுப்பீரியர் ஏரியில் குதித்து நீச்சல் பழகியவன். உதடு நீலமாகி, கம்பளியைச் சுற்றி உன்னைச் சவுனாவின் நீராவிச் சூட்டில் உட்கார வைத்தது யார்? நான். ஆழம் தெரியாமல் காலை விடாதே என்று அன்றைக்கும் சொன்னேன், இன்றைக்கும் சொல்கிறேன். நாற்பது பேர் ஒரு புத்தகத்துக்கு நிற்கிறார்கள் என்றால் அவர்கள் எல்லாரும் முட்டாள்கள் இல்லை. பரீட்சை உனக்கு விளையாட்டு இல்லையே. இடம் கிடைப்பதுதானே முக்கியம்? சுலபமானதை எடுத்துக்கொள், கண்ணா.

சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டேன். இனி நடந்ததைக் கேள். நூலகத்துப் பெர்னீஸ், சி மொழிக்கு வேண்டியதை ஓர் இயந்திரத்தில் போட்டுக் கொடுத்தாள். உன் ஐந்து வரியைத் தட்டினேன். இயந்திரம் முகத்தில் அடித்த மாதிரி எதையோ சொல்லிற்று. பார்த்தால் ஒரு புள்ளியை நான் விட்டிருக்கிறேன், உன் தாளில் சரியாகவே இருந்தது. மறுபடி தட்டினேன். பெர்னீஸ் பொத்தானை அழுத்தச் சொன்னாள். அழுத்தினேன்.

'லோர்னா, நான் இங்கே இருக்கிறேன்' என்று திரையில் வந்தது.

நீ எழுதினதுதான், நான் தட்டினதுதான். என்ன வரும் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அது தானாக வந்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. நீ பேசினதை அந்தப் பெட்டி வாங்கி வைத்திருந்து, நான் கேட்டதும் சொன்ன மாதிரி இருந்தது. தெரிந்தவர் நான்கு பேர் பார்க்க அழுதேன். அச்சடித்த தாள் உள்ளே இருக்கிறது. இன்னொன்று என் சமையலறைச் சுவரில்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அன்புடன்,
லோர்னா

மார்ச் 25, 2012

அன்புள்ள அக்கா,

நலமாக இருக்கிறேன். நீயும் உன் காலும் நலமா? ஐஸ் உடைந்து ஏரி தெரிய ஆரம்பித்துவிட்டதா?

சுலபமானதை எடுத்துக்கொள் என்றாய். எம்மிட்டின் பைதான் புத்தகத்தை வாங்கிப் படித்துப் பார்த்தேன். நல்ல புத்தகம்தான். ஆனால் அடிக்கடி ஒரு வாக்கியம் வருகிறது: 'இதைப் பற்றி நீங்கள் கவலைப்பட வேண்டாம், மொழியே கவனித்துக்கொள்ளும்.' அக்கா, நான் எப்போது எழ வேண்டும், எப்போது குளிக்க வேண்டும் என்பதைக்கூட பதினோரு வருஷமாக யாரோ கவனித்துக்கொள்கிறார்கள். என் சி புத்தகம் அப்படி ஒரு ஆறுதலும் சொல்வதில்லை. நீ சொன்னதை இயந்திரம் செய்யும், தப்பாகச் சொன்னால் தப்பாகவே செய்யும், உன்னைத் தடுக்காது என்கிறது. எனக்கு அது பிடித்திருக்கிறது.

கம்ப்யூட்டருக்குள்ளே என்ன இருக்கிறது தெரியுமா? பெட்டிகள். கோடிக்கணக்கான பெட்டிகள், ஒரே வரிசையில், ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். ஒவ்வொன்றிலும் ஓர் எண்ணைத்தான் வைக்க முடியும். அவ்வளவுதான். பாட்டு, படம், ராக்கெட் போகிற வழி எல்லாமே எண்களாக அந்தப் பெட்டிகளில்தான் கிடக்கின்றன. இதைப் படித்த அன்று சலவைக்கூடத்தில் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். துணி உலர்த்தும் இயந்திரம் நின்று பத்து நிமிஷம் ஆனது எனக்குத் தெரியவில்லை.

கடிதம் தாமதமானதற்குக் காரணம் நான் இல்லை. என் இரண்டாவது புரோகிராமைப் பன்னிரண்டாம் தேதியே அனுப்பினேன். தபால் பார்க்கும் அதிகாரி பார்லோ அதைச் சங்கேத மொழி என்று பிடித்து வைத்துவிட்டார். என்னைக் குடும்பப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, "காங்காஸ், யாருக்கு என்ன சேதி அனுப்புறே?" என்றார். துணி மூட்டை எண்ணுகிறேன் என்றேன். "மூட்டை எண்ணறதுக்கு எதுக்குய்யா இத்தனை வளைஞ்ச அடைப்பு?" என்று கேட்டார். ஒவ்வொரு வரியாக விளக்கினேன். பன்னிரண்டு பிரிவுகளிலிருந்து சலவைக்கு மூட்டைகள் வருகின்றன. பன்னிரண்டு பெட்டிகளில் பன்னிரண்டு எண்களை வைத்திருக்கிறேன். ஒன்றிலிருந்து பன்னிரண்டுவரை ஒவ்வொரு பெட்டியாகத் திறந்து கூட்டிக்கொண்டே போகச் சொல்கிறேன். பார்லோ பென்சிலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். இங்கே ஒரு நாளைக்கு ஐந்து முறை எங்களை எண்ணுகிறவர் அவர், ஒன்றாம் அறையிலிருந்துதான் தொடங்குவார். "ஒண்ணுலருந்து பன்னண்டு. சரியாத்தானே இருக்கு" என்று முத்திரை குத்திக் கொடுத்துவிட்டார்.

அந்தத் தாள்தான் இது. எழுதினபடியே தட்டு, அக்கா. என் மூளை எப்படி வேலை செய்கிறது என்று எனக்கு வேறு எப்படியும் தெரியாது.

உன் தம்பி,
வெண்டல்

மே 6, 2012

அன்புத் தம்பி வெண்டலுக்கு,

நீ நலம்தானே? நான் நலம். பதில் போட ஐந்து வாரம் ஆகிவிட்டது, கோபிக்காதே. முதலில் பேருந்துக்குப் பிரேக் வேலை வந்தது. பிறகு எனக்குச் சளி. அதற்குப் பிறகு நூலகத்து இயந்திரம் சரியில்லை.

உன் புரோகிராமைத் தட்டினேன். மொத்தம் 344 மூட்டை என்று வந்தது. நானும் கையால் கூட்டிப் பார்த்தேன், அதேதான். அச்சடித்த தாள் இதோடு இருக்கிறது.

இந்தப் பக்கம் மரங்கள் துளிர்த்துவிட்டன. வேறு விசேஷம் இல்லை.

அன்புடன்,
லோர்னா

மே 20, 2012

அன்புள்ள அக்கா,

சளி போய்விட்டதா? இருமல் இருந்தால் அலட்சியம் செய்யாதே.

344! அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு எங்கள் நடைபாதையின் இந்த முனையிலிருந்து அந்த முனைவரை நடந்தேன். என்ன என்று கேட்காதவனிடமும் காட்டினேன். பென்சிலால் நான் எழுதிய சொற்களுக்கு நானூறு மைல் தூரத்தில் ஓர் இயந்திரம் கீழ்ப்படிந்திருக்கிறது. பன்னிரண்டு பெட்டியையும் ஒவ்வொன்றாகத் திறந்து, எடுத்துக் கூட்டி, சரியான எண்ணை நீட்டியிருக்கிறது. நான் பார்க்கக்கூட இல்லை. என் வாழ்க்கையில் முதல்முறையாக நான் செய்த ஒரு காரியம் முதல் தடவையே சரியாக வந்திருக்கிறது.

எம்மிட் இரண்டு நாள் கேலி செய்தான். மூன்றாம் நாள் தன் பளபளப்புப் புத்தகத்தை மூடிவிட்டு வந்து, "எனக்கும் அந்தப் பெட்டி வித்தையச் சொல்லிக் குடுடா" என்று உட்கார்ந்துவிட்டான். பெட்டிகளைச் சுற்றி வரும் வழியை நான் எழுதின மாதிரியே அவனுக்கும் எழுதிக் காட்டினேன். பரீட்சையில் நிச்சயம் இப்படி ஒரு கணக்கு வரும் என்கிறார்கள். வரட்டும். இந்த ஒன்றில் எனக்குப் பயமே இல்லை.

உன்னிடம் நன்றி சொன்னால் திட்டுவாய். இருந்தாலும் சொல்கிறேன்.

உன் தம்பி,
வெண்டல்

ஜூன் 10, 2012

அன்புத் தம்பிக்கு,

சௌக்கியமா? இருமல் இல்லை. பள்ளி விடுமுறை விட்டுவிட்டதால் காலுக்கும் ஓய்வு. இந்த வருஷம் கடிக்கிற ஈ அதிகம், முகத்தைத் துணியால் மூடிக்கொண்டுதான் தோட்டத்துக்குப் போகிறேன். வெள்ளிக்கிழமை சர்ச்சில் மீன் விருந்து, முந்நூறு பேர் வந்தார்கள், மீன் வறுக்கும் பொறுப்பை என் தலையில் கட்டிவிட்டார்கள்.

எம்மிட்டுக்கும் நீ சொல்லிக் கொடுப்பதாக எழுதியிருந்தாய். சந்தோஷம். ஆனால் அவசரப்படாமல் சொல்லிக் கொடு.

உன் புத்தகத்தில் பெட்டிகளைப் பற்றிய பாடம் முழுசாக இருக்கிறதா? கிழிந்த தாள்கள் எந்த இடத்தில்? முதல் பெட்டிக்கு என்ன எண் என்று அதில் போட்டிருக்கிறதா? சும்மாதான் கேட்கிறேன்.

அன்புடன்,
லோர்னா

ஜூலை 1, 2012

லோர்னா,

நீ நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். நான் இருக்கிறேன்.

பேருந்து ஓட்டுகிறவள் முதல் பெட்டியின் எண்ணைச் சும்மா கேட்க மாட்டாள் என்று எனக்குத் தோன்றியது. என் புத்தகத்தில் கிழிந்திருப்பது அந்தப் பாடத்தின் தொடக்கம்தான். அதனால் பின்னால் உள்ள பாடங்களை ஒவ்வொரு வரியாகத் தேடினேன். இருநூற்றுப் பத்தாம் பக்கத்தில் போகிற போக்கில் ஒரு வாக்கியம் கிடந்தது. பெட்டிகளை ஒன்றிலிருந்து எண்ணுவதில்லை. முதல் பெட்டியின் எண் சுழியம்.

என் புரோகிராமின் நகலை எடுத்து வைத்துக்கொண்டு நானே இயந்திரமாக உட்கார்ந்தேன். சுழியம் என்ற பெட்டியில்தான் முதல் பிரிவின் இருபத்தேழு மூட்டை இருக்கிறது. நான் எழுதினது அந்தப் பெட்டியைத் திறக்கவே இல்லை. ஒன்றிலிருந்து தொடங்குகிறது. பதினொன்றோடு என் பெட்டிகள் தீர்ந்துபோகின்றன. ஆனால் நான் பன்னிரண்டுவரை போகச் சொல்லியிருக்கிறேன். அதற்கு அடுத்தது என்னுடைய பெட்டியே இல்லை. அதில் யார் வைத்த என்ன எண் கிடக்கும் என்று கடவுளுக்குத்தான் தெரியும். அதையும் எடுத்துக் கூட்டச் சொல்லியிருக்கிறேன். 344 வரவே முடியாது.

முதலில் புத்தகத்தைச் சந்தேகப்பட்டேன். பிறகு இயந்திரத்தை. பிறகு என் மூளையை. மூன்று நாள் சாப்பாடு இறங்கவில்லை. பென்சிலால் நாற்பது முறை ஓட்டிப் பார்த்தேன். கடைசியில்தான் உன்னைச் சந்தேகப்பட்டேன். நீ திருத்தியிருக்கிறாய். இல்லை, யாரையோ வைத்துத் திருத்தியிருக்கிறாய்.

எட்டு வயதில் என் கணக்கு வீட்டுப்பாடத்தைத் திருத்தினாய். அப்பாவிடம் எனக்காகப் பொய் சொன்னாய். நீதிமன்றத்தில் சத்தியம் செய்துவிட்டு, வெண்டல் அன்று இரண்டு கோப்பை பீர்தான் குடித்தான் என்றாய். அரசு வக்கீல் அதை அரை நிமிஷத்தில் உடைத்தார். நான் வண்டியால் மோதிக் கொன்ற ஆர்வோ லெஹ்தோவின் மனைவி அப்போது உன்னைப் பார்த்த பார்வையை இன்றும் நான் மறக்கவில்லை. எனக்காக நீ வாங்கிக்கொண்ட பார்வை அது.

இந்த மொழியை நான் எடுத்ததே இது எனக்காகப் பொய் சொல்லாது என்பதால்தான். என்னை நம்பி எம்மிட்டும் இதே தப்பைப் பரீட்சையில் எழுதியிருப்பான். திருத்தியது யார் என்று மட்டும் சொல்.

வெண்டல்

ஜூலை 22, 2012

அன்புள்ள வெண்டல்,

உடம்பு எப்படி இருக்கிறது? சாப்பிடுகிறாயா? முதலில் சாப்பிடு.

நான்தான் திருத்தினேன். வேறு யாரும் இல்லை.

ஏப்ரல் முதல் வாரமே உன் புரோகிராமைத் தட்டினேன். எழுதினபடியேதான் தட்டினேன், நான்கு முறை சரி பார்த்தேன். 33,084 என்று வந்தது. முப்பத்து மூவாயிரம் மூட்டை! பெர்னீஸிடம் காட்டினேன், அவளுக்கும் புரியவில்லை. அந்தத் தாளை மடித்துக் கோட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். பதினோரு வருஷமாக நீ எதைக் கேட்டாலும் 'இல்லை' என்றுதான் உனக்குப் பதில் வந்திருக்கிறது. இன்னொரு 'இல்லை'யை நானே உறையில் போட்டு ஒட்ட எனக்கு மனசு வரவில்லை.

344 என்று கையால் கூட்டி எழுதியிருக்கலாம். ஆனால் நீ அச்சடித்த தாள் கேட்டிருந்தாய். பொய் சொன்னாலும் இயந்திரத்தின் வாயாலேயே சொல்ல வேண்டியிருந்தது. அதற்கு எனக்கு அதன் மொழி தெரிய வேண்டும். உன் புத்தகத்தையே நூலகத்தில் எடுத்தேன், கிழியாத பிரதி. காலையில் பிள்ளைகளை இறக்கிவிட்டு மாலையில் மறுபடி ஏற்றும்வரை, பள்ளி மைதானத்தில் பேருந்தை நிறுத்தி, ஸ்டீரிங் மேல் புத்தகத்தை வைத்துப் படித்தேன். முதல் ஒரு வாரம் ஒரு எழுத்தும் மண்டையில் ஏறவில்லை. நான் பள்ளியில் அல்ஜீப்ராவுக்கு அழுதவள்.

ஒவ்வொரு நடை முடிந்ததும் நாங்கள் பேருந்துக்குள் முன்னாலிருந்து பின்னால் நடந்து, எந்தக் குழந்தையாவது இருக்கையில் தூங்கிக் கிடக்கிறதா என்று பார்க்க வேண்டும். அப்படி ஒரு நாள் நடந்துகொண்டிருந்தபோது சட்டென்று புரிந்தது. உன் புரோகிராம் ஓட்டுநருக்குப் பின்னால் இருக்கும் முதல் இருக்கையைப் பார்க்காமலே நடக்கத் தொடங்குகிறது. கடைசி இருக்கையையும் தாண்டி, பின் கதவைத் திறந்து வெளியே கால் வைக்கிறது. அங்கே கிடந்த யாருடையதோ ஒரு எண்ணை எடுத்துக்கொண்டு வருகிறது. காலியான பேருந்தில் நின்று சத்தம் போட்டுச் சிரித்தேன். எனக்குப் புரிந்துவிட்டது, வெண்டல். எனக்கு! அப்படி ஒரு வெளிச்சத்தை நான் என் ஐம்பது வயதுக்குள் பார்த்ததே இல்லை. அதை உன்னிடம்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும். நான் சொன்ன பொய்யால் அதைச் சொல்ல முடியாமல் போய்விட்டது. இந்தக் கோடை முழுக்க அதுதான் என்னை அரித்தது.

எம்மிட்டைப் பற்றி நீ எழுதியதும்தான் நான் செய்தது உறைத்தது. நேராக ஒத்துக்கொள்ளத் தைரியம் இல்லாமல் அந்தக் கேள்வியைப் போட்டேன்.

லெஹ்தோவின் மனைவி இன்னும் இதே ஊரில்தான் இருக்கிறாள். கடையில் எதிர்ப்பட்டால் நான் வேறு பக்கம் திரும்பிக்கொள்கிறேன். அதையும் சொல்லிவிட்டேன்.

33,084 அச்சடித்த தாளை இதில் வைத்திருக்கிறேன். அது உன்னுடையது.

லோர்னா

ஆகஸ்ட் 5, 2012

அன்புள்ள அக்கா,

சாப்பிடுகிறேன். நீயும் சாப்பிடு.

உன் கடிதத்தைப் படித்தேன். நான்கு பக்கம் திட்டி எழுதலாம் என்றிருந்தேன். ஆனால் அந்த ஸ்டீரிங் மேல் வைத்த புத்தகம் கண்முன்னால் வந்து வந்து நிற்கிறது. நான் ஏழு மாசமாக இதைத் தவிர வேறு வேலை இல்லாமல் படிக்கிறேன். நீ பிள்ளைகளை ஏற்றி இறக்கிக்கொண்டு ஐந்தே வாரத்தில் என் தப்பைக் கண்டுபிடித்திருக்கிறாய். எம்மிட்டிடம் சொன்னேன். அவன், "உங்க வீட்ல அறிவு அக்காவோடயே நின்னு போச்சு போல" என்றான். அவனுக்கும் சுழியத்திலிருந்து எண்ணச் சொல்லிக் கொடுத்துவிட்டேன்.

33,084-ஐச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். இருபத்தேழு மூட்டையை விட்டுவிட்டு 317 மட்டும் கூட்டியிருக்கிறது. மீதி 32,767 நான் மிதித்த அந்நியப் பெட்டியில் இருந்தது. அங்கே அதை யார், எதற்காக வைத்தார்கள் என்று நினைக்க நினைக்க வியப்பாக இருக்கிறது. இதை நீ ஏப்ரலிலேயே அனுப்பியிருந்தால் நான் ஒரு வாரம் அழுதிருப்பேன். ஆனால் என் அழுகையாக இருந்திருக்கும்.

பரீட்சைக்கு ஆறு வாரம் இருக்கிறது. உள்ளே ஒரு புதிய புரோகிராம். எந்தப் பிரிவு அதிக மூட்டை அனுப்புகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். தப்பு உன் கண்ணில் பட்டாலும் தொடாதே. எந்த வரி என்றும் சொல்லாதே.

உன் தம்பி,
வெண்டல்

ஆகஸ்ட் 24, 2012

அன்புத் தம்பிக்கு,

நான் சுகம். நீ சுகம்தானே?

தப்பு என் கண்ணில் பட்டது. தட்டிக்கொண்டிருக்கும்போதே பட்டது. விரல் தானாக அங்கே போயிற்று. இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். பெர்னீஸ் வந்து, "என்னடி, தலை சுத்துதா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். பிறகு எழுதினபடியே தட்டி முடித்துப் பொத்தானை அழுத்தினேன்.

அதிக மூட்டை அனுப்பிய பிரிவு என்று அது சொன்னது தப்பான பிரிவு. தாள் உள்ளே இருக்கிறது. எந்த வரி என்று சொல்ல மாட்டேன்.

இத்தனை வருஷத்தில் உனக்காக நான் செய்த காரியங்களிலேயே இதுதான் கஷ்டமாக இருந்தது. நீ இதை எப்படி வாங்கிக்கொள்வாயோ என்று இருக்கிறது.

நேற்றுக் கடையில் லெஹ்தோவின் மனைவி எதிரில் வந்தாள். திரும்பிக்கொள்ளவில்லை. அன்றைக்கு நான் சொன்னது பொய் என்று சொன்னேன். "தெரியும்" என்றாள். தன் சாமான் வண்டியைத் தள்ளிக்கொண்டு போய்விட்டாள்.

பரீட்சையை நன்றாக எழுது.

அன்புடன்,
லோர்னா

அக்டோபர் 14, 2012

அன்புள்ள அக்கா,

நலமாக இருக்கிறேன். உங்கள் பக்கம் முதல் பனி விழுந்துவிட்டது என்று வானொலியில் சொன்னார்கள். முழங்காலுக்கு ஒத்தடம் கொடுக்கிறாயா?

உன் தாளை வாங்கின அன்றே தப்பான வரியைக் கண்டுபிடித்துவிட்டேன். சாப்பாட்டு மணிக்கு முன்னாலேயே. அதற்குப் பிறகு நீ அனுப்பிய இரண்டு தாளும் தப்புதான். அவற்றையும் நானே கண்டுபிடித்தேன். பரீட்சை செப்டம்பர் பதினாறில் நடந்தது. எதிர்பார்த்தபடியே பெட்டிகளைச் சுற்றும் கணக்கு ஒன்று வந்தது. சுழியத்திலிருந்து எழுதினேன். எழுதி முடித்துத் தாளிலேயே ஓட்டிப் பார்த்தேன்.

பன்னிரண்டு பேரில் எனக்குப் பதினோராவது இடம். எம்மிட்டுக்கு ஒன்பதாவது. மூன்று வாரமாக என்னைப் பதினொன்று என்றே கூப்பிடுகிறான். இருக்கட்டும். வசந்தத்தில் குழுவின் முன்னால் நிற்கும்போது சொல்ல எனக்கு ஒரு பதில் இருக்கிறது.

நேற்று முதல் வகுப்பு. என்னை ஒரு கீபோர்டின் முன்னால் உட்கார வைத்தார்கள். எந்த எழுத்து எங்கே இருக்கிறது என்று தேடித் தேடி ஒற்றை விரலால் தட்டினேன். இருபது வரி, முக்கால் மணி நேரம். திருமதி ஹார்க்னெஸ், இனி ஓட்டிப் பார்க்கலாம் என்றார். பொத்தானை அழுத்தினேன்.

அக்கா, இதை உனக்கு எப்படிச் சொல்வது? நான் ஒரு கேள்வி கேட்டுவிட்டுப் பதினெட்டு நாள், முப்பது நாள் பதிலுக்குக் காத்திருந்து பழகினவன். அனுப்பினது போய்ச் சேர்ந்ததா, பிடித்து வைத்தார்களா என்று கணக்குப் போட்டுக்கொண்டே துணி மடித்தவன். பொத்தானிலிருந்து என் விரல் இன்னும் எழும்பவில்லை, பதில் வந்துவிட்டது. கண்ணை இமைக்கக்கூட இல்லை. பயத்தில் கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டேன். அத்தனை பெட்டிகளையும் திறந்து மூடிப் பார்த்துவிட்டு, எனக்கு முன்னால் வந்து நிற்கிறது. உலகத்தில் இப்படி ஒன்று இத்தனை நாளாக இருந்திருக்கிறது. நம் ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் இதைத் தினமும் பார்க்கிறார்கள்.

ஏழாவது வரியில் தப்பு என்று திரையில் இருந்தது.

நான் அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தேன். கண்ணிலிருந்து தண்ணீர் வந்துவிட்டது. திருமதி ஹார்க்னெஸ் நான் மனம் உடைந்துவிட்டேன் என்று நினைத்திருக்க வேண்டும். பக்கத்தில் வந்து குனிந்து, முதல் நாள் எல்லோருக்கும் இப்படித்தான் ஆகும் என்று ஆறுதல் சொன்னார். பிறகு மெதுவாக, "நான் சரி பண்ணித் தரட்டுமா?" என்று கேட்டார்.

"வேணாங்க மேடம்," என்றேன். "அது என்கிட்டதான் சொல்லிச்சு."

உன் தம்பி,
வெண்டல்